ரெண்டாவது அடுப்பு

இல்லை ரீச்சர், 'தொழில் இல்லை' எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. அந்தக் கட்டத்தில வேற என்னத்தை எண்டாலும் எழுதுங்கோ. ஐம்பத்தஞ்சு வயசு மனிசனைப் பற்றி ரெண்டே ரெண்டு சொல்லு எழுதி, அதில ஒண்டு 'இல்லை' எண்டா நல்லாவோ இருக்கும்? ... இருங்கோ, உந்தக் கதிரையில இருங்கோ. அது ஆடும், ஆனா விழாது. என்னைப் போலத்தான். இடப்பக்கம் சாயாமல் இருந்தாச் சரி.

சித்திரை விடுமுறையில பள்ளிக்கூடப் பிள்ளையள் கிணத்தடியில கும்மாளம் அடிக்குதுகள். ரீச்சர்மாரை மட்டும் ஒரு கட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தோட அன்புவழிபுரத்து ஒழுங்கையெல்லாம் வெயிலுக்குள்ள அனுப்பியிருக்கினம். ஆர் என்ன வேலை செய்யினம், என்ன உழைக்கினம், எத்தினை நேரம் சாப்பிடினம்... கேக்கத்தான் வேணும், கேளுங்கோ. அதில எனக்குக் குறையில்லை. என்ர குறை வேற.

பேரை எழுதிப்போட்டியளோ? கனகசுந்தரம். சரி. இப்ப அந்தத் தொழில் கேள்வியை ஒருக்காத் திருப்பி வாசிங்கோ... 'கடந்த ஏழு நாட்களில் செய்த பிரதான வேலை.' அப்பிடிச் சொல்லுங்கோ! கடந்த ஏழு நாள்! கேள்வியை ஒழுங்கா வாசிச்சா அரைவாசி மறுமொழி அதுக்குள்ளயே கிடக்கும். ஆனா ஆர் வாசிக்கினம்? கடந்த ஏழு நாளும் நான் விறகு கொத்தினனான். அரிசி கழுவினனான். பருப்பு அவிச்சனான். சட்டி மினுக்கினனான். அப்ப என்ன எழுதோணும்? சமையல்காரன். எழுதுங்கோ, யோசிக்காதேங்கோ. ஆருக்குச் சமைக்கிறன் எண்டால்... எனக்குத்தான். ஒரு ஆளுக்கு. சம்பளம் இல்லை, லீவு இல்லை, சாப்பிடுற ஆளும் ஒருநாளும் நல்லாயிருக்கெண்டு சொன்னதில்லை.

சிரிக்காதேங்கோ ரீச்சர். வேலியோரம் பாருங்கோ, ஒரு ஓலைப் பத்தி தெரியுதெல்லோ, உள்ளுக்கு மூண்டு கல்லு? அது என்ர குசினி. அங்கால, ஓட்டுக்கூரையும் புகைக்கூண்டுமா, வெங்காயம் வதங்கிற மணம் வருகுதே, அது என்ர மனிசி புஸ்பராணியின்ர குசினி. அதுக்குள்ள எனக்குச் சோறில்லை. இண்டைக்கு நேற்றில்லை, ஒண்டரை வருசமா! தாலி கட்டின மனிசனை மூண்டு கல்லோட தள்ளி வச்சிருக்கிற பெண்சாதியைப் பற்றி உங்கட படிவத்தில ஒரு கேள்வி இருக்கோ? இருக்காது. முக்கியமானதைக் கேக்க மாட்டினம்.

சண்டையோ எண்டோ? சீச்சீ, சண்டை இல்லை. நாங்கள் நல்லாக் கதைப்பம். தேங்காய் விலை, மழை, மூத்தவளின்ர கலியாணம் எல்லாம் கதைப்பம். இது சண்டையில்லை ரீச்சர். இது சட்டம். சொல்லுறன்.

முதல்ல நான் ஆரெண்டு தெரியோணும். நேவி டொக்யாட்டில ஸ்டோர்ஸ் கிளாக். ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்தாறில சேந்தனான். கயிறு, பெயின்ற், திருகாணி, விளக்குத் திரி... கப்பலுக்கு என்னென்ன வேணுமோ எல்லாம் என்ர கையாலதான் வெளிய போகும். ஐம்பத்தேழில வெள்ளைக்காரன் தளத்தைத் தந்திட்டுப் போனான். துறைமுகம் எங்கட கைக்கு வந்திட்டுதெண்டு ஊரே கைதட்டினது. நானும் தட்டினனான். தட்டி முடிச்சுக் குனிஞ்சு பாக்கிறன், அந்த ரெண்டு கைக்கும் வேலையில்லை.

பிறகு நான் செய்யாத வேலையோ? கிண்ணியா ஜெமீலின்ர மீன் லொறியில ஐஸ் உடைச்சனான். ஒவ்வொரு கட்டியையும் ஒரே அளவா உடைக்கப் பாத்து, நான் முடிக்க முதல் ஐஸ் முடிஞ்சுபோச்சுது. இன்சூரன்ஸ் விக்கப் போனனான். மனிசர் எந்தெந்த விதமாச் சாகலாம் எண்டு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்த, சனம் பயந்து கதவைச் சாத்திப்போட்டுது. ரியூசன் குடுத்தனான். பிள்ளையள் எல்லாம் நல்லாப் பாஸ் பண்ணிச்சுதுகள். ஏனெண்டால் ரெண்டாம் மாசமே வேற வாத்தியாரிட்டப் போயிட்டுதுகள். கடைசியா அரசாங்கக் கச்சேரிக் கந்தோருக்கு முன்னால, மரத்துக்குக் கீழ, பெட்டிசம் எழுத இருந்தனான். அது நிலைச்சுது. மற்றவையின்ர குறையை வடிவா எழுத என்னை விட்டா இந்தத் திருக்கோணமலையில ஆள் இல்லை.

அதுதான் வினையாப் போச்சுது.

எழுபத்தொன்பதில கூப்பன் அரிசியை நிப்பாட்டி உணவு முத்திரை கொண்டு வந்தாங்களெல்லோ? குடும்ப வருமானம் மாசம் முந்நூறு ரூவாய்க்குள்ள எண்டா முத்திரை, தாண்டினா இல்லை. ஒழுங்கை முழுக்கப் படிவத்தோட என்ர வாசலில. நானோ, படிவத்தின்ர பின்பக்கத்தையும் வாசிக்கிறவன். பின்பக்கத்தில, எறும்பு ஊருற மாதிரிச் சின்ன எழுத்தில, ஒரு வரி: 'ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம்.' விளங்குதோ ரீச்சர்? ஒரே கூரை எண்டு இல்லை. ஒரே வளவு எண்டு இல்லை. ஒரே அடுப்பு! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சுது. வாசலில நிண்ட சனத்துக்கு அதை உரத்து வாசிச்சுக் காட்டினன்.

அடுத்த கிழமை இந்த ஒழுங்கையில வீடு பதினேழு, அடுப்பு முப்பத்தொண்டு.

முன்வீட்டுக் குணரத்தினத்தின்ர மாமிக்குத் தனி அடுப்பு போட்டாச்சு. ஆனா வீட்டில பானை ஒண்டுதான். ஊருக்குப் பொறுப்பான விதானையார் அடுப்பைப் பாக்க வந்தார். முன்அடுப்பில கொதிச்ச பானையை அவர் எழுதி முடிக்க முதல் பின்கதவால தூக்கிக்கொண்டு ஓடி மாமியின்ர அடுப்பில வச்சினம். பிறகு அதே பானை வேலிக்கு மேலால பக்கத்து வீட்டுக்கும் போனது. விதானையார் நல்ல மனிசன். மூண்டாந்தரமும் அந்தப் பானையைக் கண்டிட்டு, 'இந்த ஒழுங்கையில எல்லாப் பானையும் ஒரே இடத்திலதான் நெளிஞ்சிருக்கு' எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனவர்.

இது களவோ எண்டு பாக்கிறியள். முகத்தில தெரியுது. பானை ஓடினதைச் சொல்லிச் சிரிக்கலாம் ரீச்சர். மூடியைத் திறந்து பாத்திருந்தா ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டினம். அதுக்குள்ள கிடந்தது ரெண்டு குடும்பத்துக்கு எங்க, ஒண்டுக்கே காணாது. நான் பொய் எழுதேல்லை. உண்மையைக் கொஞ்சம் பிரிச்சு எழுதினனான்.

இப்ப எங்கட வீட்டுக் கதை. புஸ்பராணி விடிய எழும்பி இடியப்பம் அவிச்சு ஜெட்டியடித் தேத்தண்ணிக் கடைக்கு அனுப்புறவ. மூத்தவள் கோணேஸ்வரி சோதினை எல்லாம் பாஸ். நாப்பத்தொரு வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். எல்லாம் நான் எழுதிக் குடுத்ததுதான், அதனாலயோ தெரியேல்லை, ஒண்டுக்கும் மறுமொழி இல்லை. மற்ற ரெண்டு பெட்டையளும் பள்ளிக்கூடம். இதுகள் நாலு பேரும் எண்டா, இடியப்ப வருமானம் முந்நூறுக்குள்ள அடங்கும். முத்திரை கிடைக்கும். ஆனா என்ர சின்னப் பென்சனும் பெட்டிசக் காசும் சேந்தா? எல்லை தாண்டிப்போகும்! கொஞ்சந்தான், ஆனாத் தாண்டிப்போகும். யோசிச்சுப் பாருங்கோ ரீச்சர், நான் உழைக்கிறதாலதான் இதுகளுக்கு அரிசி இல்லை. அளவா ஏழையா இருக்கிற குடும்பத்தையும் கெடுத்துக்கொண்டு ஒரு மனிசன்!

அப்ப என்ன செய்யலாம்?

... ஓம். நான்தான். அவ தள்ளி வைக்கேல்லை. முதல்ல அப்பிடிச் சொன்னனான்தான், ஒரு வேகத்தில சொன்னது. என்ர பேரை அந்தப் படிவத்தில இருந்து நானே, என்ர கையாலயே, என்ர நல்ல பேனையாலயே வெட்டினனான். எனக்கெண்டு புறம்பா இன்னொரு படிவம் எடுத்து, குடும்பத்தலைவர் கனகசுந்தரம், அங்கத்தவர் ஒண்டு எண்டு நிரப்பினனான். பிள்ளையள் பாத்துக்கொண்டு நிண்டதுகள். சின்னவள் கேட்டாள், 'அப்பா, அப்ப நாங்கள் உங்களுக்கு ஆர்?' எண்டு. 'அயலவர்' எண்டன். பகிடிக்குத்தான் சொன்னது. அவள் சிரிக்கேல்லை.

அண்டு மத்தியானம் புஸ்பராணி வழமை போல எனக்குச் சோறு போட்டு வச்சா. நங்கூரப் பீங்கானில. டொக்யாட் மூடேக்க ஏலத்தில எடுத்தது, நடுவில நீல நங்கூரம், இருவது வருசமா அதிலதான் சாப்பிடுறனான். அவ பீங்கானை நீட்டுறா. நான் என்ன செய்தன் தெரியுமோ? கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிண்டு, 'புஸ்பம், நான் கைச்சாத்துப் போட்டிருக்கிறன். உம்மட அடுப்பில இருந்து ஒரு பருக்கை என்ர வாயில பட்டா அது பொய்ப் பிரகடனம்' எண்டு சொன்னன். படிவத்தில இருந்த சொல்லு, பிரகடனம்.

பீங்கானை எடுத்துக்கொண்டு உள்ள போனா. போற போக்கில, 'அப்ப உங்கட கைச்சாத்தையே தின்னுங்கோ' எண்டு மட்டும் சொன்னா. அண்டைக்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் பீங்கானையும் பிறகு காணேல்லை. பழைய சாமான்காரனுக்குப் போட்டிட்டா எண்டு நினைக்கிறன். நான் எனாமல் கோப்பையிலதான் சாப்பிடுறன்.

முதல் மாசம் நான் வச்ச பருப்பு... அதைக் கேக்காதேங்கோ. நாய்க்கு வச்சனான். அது மணந்து பாத்திட்டு வேலியடியில போய், நல்லா யோசிச்சுக்கொண்டு படுத்திட்டுது. ஆனா ரெண்டாம் மாசம், அதிசயம்! நான் காலமை பருப்பை அடுப்பில ஏத்திப்போட்டு, தணலை இழுத்து விட்டிட்டு, நூலகத்துக்குப் பேப்பர் பாக்கப் போயிடுவன். திரும்பி வந்து மூடியைத் திறந்தா, என்ன மணம்! கைப்பக்குவம் வந்திட்டுதெண்டு நூலகத்தில ஒவ்வொரு ஆளாப் பிடிச்சுச் சொன்னனான். ஆணும் சமைக்கலாம், முறையா வாசிச்சாச் சரி எண்டெல்லாம் சொன்னனான்.

ஆனா ரீச்சர், நான் ஸ்டோர்ஸ் கிளாக். என்ர பத்திக்குள்ள என்ன கிடக்கு, என்ன இல்லை எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். மாசிக் கருவாட்டுத் தூள் நான் ஒருநாளும் வாங்கேல்லை. பருப்புக்குள்ள மாசித்தூள். கறிவேப்பிலை தாளிச்சிருக்கு, என்னட்டத் தாளிக்கிற கரண்டியே இல்லை. பானையில நான் போட்டது ஒரு சுண்டு அரிசி, சோறு அதுக்கு மேல. ஒரு வெள்ளிக்கிழமை கத்தரிக்காய்ப் பால்கறி. கத்தரிக்காய் நான் வாங்கவே இல்லை!

கேட்டனோ? கேக்கேல்லை. கேட்டா நிண்டுபோகும்.

இப்ப நீங்கள் வந்து நிண்டு, 'இந்த வீட்டில எத்தினை குடும்பம்' எண்டு கேக்கிறியள். ரெண்டு எண்டு சொன்னாப் பொய். மாசித்தூள் சாட்சி, ஒண்டரை வருசமா நான் அவவின்ர அடுப்புச் சோறு தின்னுறன். ஒண்டு எண்டு சொன்னா, பிள்ளையளின்ர முத்திரைக்கு என்ன நடக்கும்? இது முத்திரைக் கணக்கில்லை, ஆருக்கும் காட்டமாட்டம், ரகசியம் எண்டுதான் நீங்கள் சொல்லுறியள். ரீச்சர், நானும் டொக்யாட்டில சிவப்பு மையால 'ரகசியம்' எண்டு அடிச்சனான். ஐம்பத்தெட்டில அந்தக் கடுதாசியிலதான் கடைத்தெருவில கச்சான் கடலை சுத்திக் குடுத்தவங்கள். நானே வாங்கித் திண்டனான்.

அதால நான் என்ன நினைக்கிறன் எண்டா, ரெண்டு எண்டே எழுதுங்கோ. எனக்கு ஒண்டுமில்லை, பழகிப்போச்சுது. மழைக்குத்தான் கொஞ்சம் கரைச்சல், பத்தி ஒழுகும், விறகு நனைஞ்சிடும், கண்ணெரிவு... கண்ணெரிவுதான், வேற ஒண்டும் இல்லை. எழுதுங்கோ ரீச்சர், ரெண்டு...

ரீச்சர்?

கதிரை ஆடுது, ஆளைக் காணேல்லை! எப்ப எழும்பினவ? இந்தா, என்ர படிவம் இதில கிடக்கு... ரீச்சர்! எங்க நிக்கிறியள்? ... ஓ, குசினிக்குள்ளயோ. ஓம் ஓம், அவவிட்டயும் கேக்கத்தானே வேணும். கேளுங்கோ, கேளுங்கோ. நான் இஞ்சயே நிக்கிறன். புஸ்பம்! நாலு பேர் எண்டு சொல்லும்! நாலு!

... என்னது?

என்ன சொன்னனீர்? அஞ்சோ? ஐயோ, உமக்கென்ன விசரோ, படிவத்தில நாலு... ரீச்சர், அவ தெரியாமச் சொல்லுறா, அதை எழுதிப்போடாதேங்கோ! ... எத்தினை பேருக்கு உலை வைக்கிறனீங்கள் எண்டு கேட்டவவோ? ... ஓ. எல்லா நாளும் அஞ்சு பேருக்கோ? அண்டையில இருந்தோ?

...

ரீச்சர், எழுதிப்போட்டியளோ? பென்சிலாலயோ, பேனையாலயோ? ... பேனை. அப்ப அழிக்கேலாது. இல்லை, இல்லை, அழிக்க வேண்டாம். கிடக்கட்டும்.

அப்ப இந்த என்ர படிவம்... இதைக் கிழிக்கக் கூடாது, கேட்டியளோ? குறுக்கால ரெண்டு கோடு கீறி, 'இரத்து' எண்டு எழுதி, கீழ நான் கைச்சாத்துப் போடோணும். இல்லாட்டிச் செல்லாது. தொழில் கட்டத்தில சமையல்காரன் எண்டு இருக்கு, அதையும் தனிய வெட்டி, அதுக்குப் பக்கத்தில... என்ன புஸ்பம்?

என்ர பீங்கானோ? நங்கூரப் பீங்கானோ? அதை வித்துப்போட்டீர் எண்டெல்லோ நான்... அலுமாரிக்குள்ளயோ இருந்தது? ... கழுவியாச்சோ?

ரீச்சர், கைச்சாத்துப் பிறகு போடுறன். சோறு ஆறுது.