ஹம்சாவின் முதலைத் தலை

களிமண் காய ஹைதராபாத்தின் மார்ச் வெயில் தாராளம். கச்சிபௌலியில் உங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸ் ஜன்னலோரம் காலையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் கல் மாதிரி ஆகிவிடும்.

வரதராஜன் சார், நீங்கள் அசோசியேஷன் செயலாளர். "காந்தத்தைத் திருப்பி ஒட்டினது கைப்பிசகுன்னு எழுதிக் குடும்மா, இதோட விட்டுடலாம்" என்றீர்கள். அப்படி எழுத முடியாது. நான் நுண்கலைப் பட்டதாரி. என் கை பிசகாது.

விளையாட்டு இதுதான். அங்கே நான் நடத்தும் களிமண் வகுப்பில் குழந்தைகள் ஆளுக்கொரு மிருகத் தலை செய்வார்கள், அம்மாக்கள் ஆளுக்கொரு உடம்பு. கழுத்தில் பட்டன் காந்தம். ஆந்தைத் தலை ஒட்டக உடம்பில் உட்காரும், யானைத் தலை மீன் உடம்பில். எந்தத் தலையும் எந்த உடம்பிலும் டக்கென்று ஒட்டும். காந்தம் பதிப்பது என் வேலை. ஹம்சாவின் முதலைத் தலைக்கு மட்டும் திருப்பிப் பதித்தேன்.

அந்தக் குழந்தைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோபம் அவள் அம்மா ரோகிணிமேல். என் அப்பாவுக்குப் பட்டான்செருவில் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஒருநாள் மற்ற அம்மாக்களிடம் ரோகிணி, "பாவம், இவங்க வீட்ல யாருமே படிச்சதில்லையாம். ஆனா பேசறதப் பாத்தா படிச்சவ மாதிரியே இருக்கால்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதே ரோகிணிதான் அடுத்த வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா ஜாடை, அப்பா ஜாடைன்னு வரையச் சொல்லிடாதம்மா. ஹம்சா நாங்க தத்து எடுத்த குழந்த. அவளுக்கு இன்னும் சொல்லல. உன்ன நம்பித்தான் சொல்றேன்." கண் கலங்கியிருந்தார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஜாடை எதுவும் வரையச் சொல்லவும் இல்லை.

கடைசி வகுப்பில், ரோகிணி செய்த பசு உடம்பில் எல்லாக் குழந்தைகளின் தலையும் ஒட்டியது. ஹம்சா வைத்தால் வழுக்கி விலகியது. இரண்டு கையாலும் அழுத்தினாள். கையை எடுத்ததும் விலகியது.

"ஏய், உங்க அம்மா உன்ன நக்கோங்கறாங்க!" என்றது பக்கத்து மேசைக் குழந்தை. நக்கோ என்றால் வேண்டாம் என்பது இந்த ஊரில் வளர்கிற குழந்தைக்குத் தெரியாதா?

ரோகிணி முகம் வெளுத்துவிட்டது. "திருப்பிப் பதிச்சுக் குடும்மா, ப்ளீஸ்."

ஒரு நிமிட வேலை. "காஞ்சிடுச்சு மேடம். பேத்தா உடைஞ்சிடும்" என்றேன். அவர் முகம் கழுவப் போனார்.

இப்போது ஹம்சா அவர் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை, தொட்டால் நகர்ந்துகொள்கிறாள், தூக்கத்தில் அழுகிறாள் என்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அந்தக் காந்தம்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். காந்தத்துக்கு அவ்வளவு சக்தி ஏது சார்?

அன்று ரோகிணி முகம் கழுவப் போனதும் ஹம்சா என்னிடம் வந்தாள். வீட்டில் தமிழ் பேசினாலும் அவள் வாயில் தெலுங்குதான் வரும். "எந்துக்கு மிஸ்?" என்றாள். ஏனாம்.

குனிந்து அவள் காதில் சொன்னேன். "இவங்க உன்னப் பெத்தவங்க இல்லடா. பெத்தவங்க நீ வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. அதான் ஒட்டல."

ஏழு வயதுக் குழந்தை நேருக்கு நேர் கேட்கும்போது பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.