பின்வரிசைக்கு இரண்டு கிரீடங்கள்

— முதல்ல கதவைச் சாத்து மாப்ள. அங்கி மாட்டுற அறையில நின்னு நீ அழறதைப் பெண்கள் வரிசை பார்த்தா நம்ம மானம் போயிடும். இப்ப சொல்லு, என்ன ஆச்சு?

— எனக்குக் கிரீடம் கிடைக்காது மச்சான். சத்தியமா கிடைக்காது.

— யாரு சொன்னா?

— பாஸ்டர்தான். போன வாரப் பிரசங்கத்துல நீங்களும்தானே உக்காந்திருந்தீங்க.

— கேளு. விசுவாசிக்கு நரகம் கிடையாது. ஆனா ஆண்டவர் முன்னாடி அவனவன் செஞ்ச வேலையைத் தீயில போட்டுப் பார்ப்பாங்க. பொன்னா இருந்தா நிக்கும், கிரீடம் உண்டு. வைக்கோலா இருந்தா எரிஞ்சுபோகும், ஆளு மட்டும் தப்பிப்பான். அருமையான பிரசங்கம். இதுல அழறதுக்கு என்ன இருக்கு?

— ஆளு தப்பிப்பான், சரி. எப்படித் தப்பிப்பான்? புருவம் பொசுங்கி, வெறுங்கையோட. அதுவும் எல்லாருக்கும் முன்னாடி. நம்ம சபையே அங்க வரிசையில நிக்கும் மச்சான். உங்க தங்கச்சி எனக்குப் பக்கத்துலயே நிப்பா.

— உனக்கு ஏன் இந்தக் கவலை? லிஃப்ட் ரிப்பேர் பண்றே, நேரா வீட்டுக்குப் போறே. போதாததுக்குப் பதினெட்டு வருஷமா பாடகர் குழுவுல என் பக்கத்துல நின்னு பேஸ் பாடுறே. பேஸ்னா சும்மாவா? மொத்தப் பாட்டும் நம்ம ரெண்டு பேரு கட்டைக் குரல் மேலதான் நிக்குது. அஸ்திவாரம் மாப்ள, அது பொன்னு. எனக்கு ஒரு கிரீடம், உனக்கு ஒண்ணு. உன்னோடது கொஞ்சம் சின்னதா இருக்கும், குழுத் தலைவர் நான் இல்லையா.

— விஷயமே அதுதான் மச்சான். நான் பாடினதே இல்ல.

— சரியாப் பாடினதில்லைங்கிறியா? அது தெரிஞ்சதுதானே.

— பாடினதே இல்ல. வாயை மட்டும் அசைப்பேன்.

— எத்தனை நாளா?

— சேர்ந்த மூணாம் வாரத்துலேர்ந்து. முதல் வாரம் பாடினேன், ஒரு கைக்குழந்தை அழுதுச்சு. ரெண்டாவது வாரமும் பாடினேன், அதே குழந்தை, அதே இடத்துல அழுதுச்சு. மூணாவது வாரம் வாயை மட்டும் அசைச்சேன், குழந்தை தூங்கிடுச்சு. அதையே பிடிச்சுக்கிட்டேன்.

— பதினெட்டு வருஷமா?

— உங்க குரலே போதும்னு விட்டுட்டேன். சத்தியமா சொல்றேன், அவ்வளவு நல்லா இருக்கும். என் காதுக்குப் பின்னாடியே கும்முன்னு கேட்கும்.

— இது வைக்கோல்கூட இல்லியே மாப்ள. தீயில போடறதுக்கே ஒண்ணும் இருக்காது. ஆண்டவர் தீப்பெட்டியை வச்சுக்கிட்டு முழிப்பாரு.

— அதான் பாஸ்டர்கிட்ட இப்பவே சொல்லிடப் போறேன். இன்னைக்கு நாலாம் சரணத்தைப் பேஸ் மட்டும் தனியாப் பாடணும்னு சொல்லியிருக்காரு. நீங்களே பாடிடுங்க.

— அது வேண்டாம்.

— ஏன்? உங்களுக்கென்ன, நீங்கதான் அஸ்திவாரமாச்சே.

— கேளு, அவசரப்படாதே. இங்க தண்ணி இருக்கா?

— உங்களுக்கு ஏன் மச்சான் இப்படி வேர்க்குது?

— நீ சேர்ந்த ரெண்டாம் மாசம் எனக்குத் தொண்டையில புண்ணு வந்துச்சே, ஞாபகமிருக்கா? ஒரு மாசம் பாடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தலைவர் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்? அதனால நானும் வாயை அசைச்சேன்.

— ஒரு மாசம் மட்டும்தானே?

— மாசக் கடைசியில பாஸ்டர் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. இப்பதான் பேஸ் பேஸ் மாதிரி இருக்குன்னாரு.

— ஐயோ மச்சான்.

— நீதான் தேறிட்டேன்னு நினைச்சேன். வயிறு எரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் பாடுறது?

— அப்ப நானும் பாடல, நீங்களும் பாடல. பேஸ் வரிசையில இருக்கிறதே நாம ரெண்டு பேருதான்.

— ஆமா.

— பின்ன யாரு பாடுறது? போன வாரம்கூட ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சே.

— ஆர்கனா இருக்கும்.

— ஆர்கனைக் கழட்டிப் போட்டு நாலு மாசம் ஆச்சு. கழட்டினதே நான்தான், இன்னும் மாட்டத் தெரியல.

— தேவதூதனா இருக்குமோ?

— தேவதூதனுக்கு நம்ம வரிசைதானா கிடைச்சுது?

— கதவு தட்டுறாங்க. கண்ணைத் துடை மாப்ள.

— என்னங்க, ரெண்டு பேரும் அங்கியை வீட்டுலயே விட்டுட்டு வந்தா எப்படி? தேய்ச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தாண்ணே, உன்னோடதுக்குப் பொத்தான் வச்சுத் தச்சிருக்கேன்.

— ஏன் தங்கச்சி குசுகுசுன்னு பேசுற? இங்க நானும் உன் வீட்டுக்காரரும்தான்.

— கொஞ்ச நேரமா வெளியிலதான் நின்னேன். எல்லாம் கேட்டுச்சு.

— எல்லாமேவா? உன்கிட்ட மறைச்சது தப்புதான்மா.

— எங்கங்க மறைச்சீங்க? உங்களுக்குப் பின் பெஞ்சுல, தூணோரமா உக்காந்து வாராவாரம் முதுகைத்தானே பார்க்கிறேன். பாடுற முதுகு அசையும். உங்க ரெண்டு பேரு முதுகும் சுவரு மாதிரி நிக்கும்.

— அப்ப யாரு பாடுறதுன்னும் உனக்குத் தெரியுமா தங்கச்சி?

— குழுவுல சேர்த்துக்கோன்னு உன்கிட்ட வந்து நின்னேனே அண்ணே, அன்னைக்கு என்ன சொன்னே?

— உன் குரல் ரொம்பக் கட்டை, பெண்கள் வரிசையில ஆம்பளை புகுந்த மாதிரி இருக்கும்னு சொன்னேன்.

— அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து பின்னாடி உக்காந்து பாட ஆரம்பிச்சேன். உனக்குத் தொண்டைப் புண்ணு வந்த மாசம்தான்.

— நீயாம்மா? அப்ப பொன்னு உன்னோடது. மச்சான், ரெண்டு கிரீடத்தையும் இவகிட்டயே கொடுத்துடணும்.

— எனக்கும் கிடைக்காதுங்க. ஆண்டவருக்காகவா பாடினேன்? அண்ணன் மேல இருந்த வீம்புல பாடினேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், ஒவ்வொரு சரணமும் பல்லைக் கடிச்சுக்கிட்டு. என்னோடதும் வைக்கோல்தான். என்ன, கட்டு கொஞ்சம் பெருசு.

— என்னை மன்னிச்சுடு தங்கச்சி. இந்த அங்கியை நீ போட்டுக்கோ. இன்னைக்கு எங்க நடுவுல வந்து நின்னு நாலாம் சரணத்தைப் பாடு. நடந்ததை நாங்களே பாஸ்டர்கிட்ட சொல்லிடுறோம்.

— பதினெட்டு வருஷம் கழிச்சுக் கூப்பிடுறே. இருந்தாலும் சந்தோஷமா இருக்குண்ணே, நிஜமாவே.

— அப்புறம் என்ன, மணி அடிச்சாச்சு, வா.

— வர்றேன், நடுவுலயே நிக்கிறேன். ஆனா நேத்துலேர்ந்து எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, சத்தமே வரல. இன்னைக்கு நான் வாயை அசைக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் பாடுங்க.