பறவைகளுக்குப் பின்பே பந்தி

கரையோரப் பறவை ஆய்வுப் பிரிவின் தலைவி திருமதி ஹில்டா சில்வெஸ்டர் அவர்களின் பணி ஓய்வு விழாவில் வாசித்தளித்த பாராட்டு மடல்

வலசைப் பறவையின் வயிறறிந்த வல்லவரே! உள்ளானின் உள்ளம் உணர்ந்த உயர்ந்தவரே! எங்கள் பசியை மட்டும் என்றுமே அறியாத எங்கள் அன்பு ஹில்டா அக்கா அவர்களே!

சைபீரியாவிலிருந்து வந்து கோல குராவ் சேற்றுத்திட்டில் இளைப்பாறும் பறவைகள், கடல்நீர் இறங்கிய பொழுதுக்குள் தின்று கொழுத்தாக வேண்டும், இல்லையேல் அடுத்த கடலைத் தாண்ட முடியாது என்று எங்களுக்குக் கற்பித்தவர் தாங்கள். உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், கொத்தும். மூக்கன் கண் வரை அலகை அமிழ்த்திப் புழுவை இழுக்கும். உள்ளான் மேற்சேற்றையே மேய்ந்து நகரும். அருமை, அக்கா, அருமை! ஆனால், "அதுங்க வாய் வைக்காம நாம வாய் வைக்கக் கூடாது" என்று ஒரு சட்டம் போட்டீர்களே, அது எந்த ஊர் நியாயம்?

ஈப்போவில் விடியலில் வாங்கிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வேனிலேயே மணத்து மணத்து எங்களை வதைக்கும். "அக்கா, குடல் காயுதுலா, ஒரு வாய் சாப்பிட்டுப் போலாம்" என்று நம் பிரிவுத் தனேஸ்வரன் கெஞ்சுவார். "இருலா, தண்ணி இன்னும் இறங்கல" என்பீர்கள். பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டாலே, தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் பெயர் சொல்லி அதட்டுவீர்கள். கடைசியில் பறவைகள் இரையெடுக்க, நாங்களும் அவசர அவசரமாய் விழுங்குவோம். தாங்களோ அப்போதும் தொலைநோக்கியை விட மாட்டீர்கள். தங்கள் பொட்டலம் போட்ட ரப்பர் பட்டையோடு வீட்டுக்கே திரும்பும். இத்தனை ஆண்டுகளில் எங்களோடு உட்கார்ந்து ஒருநாள், ஒரே ஒருநாள் சாப்பிட்டதுண்டா? கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்துப் போயிற்று.

இன்றாவது அது நடக்க வேண்டும் என்றுதான், கடலே இல்லாத சிலிபினில் நடக்கும் விழாவுக்குக் கடல் பார்த்து நேரம் குறித்தோம். நீர் ஏறியிருந்தால் பறவைகள் மேய முடியாது. தாங்களும் நிம்மதியாய் உட்காருவீர்கள். அந்தப் பொறுப்பை ஏற்ற நம் அலுவலக ஷர்வினோ, போன மாதத்து நீரேற்ற அட்டவணையைப் பார்த்து வைத்துவிட்டார்! அழைப்பிதழ் அச்சான பின்தான் தெரிந்தது. அவரைத் திட்டாத ஆளில்லை. சரியாக இந்நேரம்தான் அங்கே நீர் இறங்குகிறது. தாங்கள் கடிகாரத்தையும் வேன் சாவியையும் மாறி மாறிப் பார்ப்பீர்கள் என்பது இதை எழுதும்போதே எங்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் பொறுங்கள், அக்கா. அங்கே மூக்கன் அலகை இறக்கிவிட்டது. உள்ளான் மேயத் தொடங்கிவிட்டது. அவை வாய் வைத்தாயிற்று. தங்கள் சட்டப்படியே இனி ஒரு தடையும் இல்லை.

ஷரபுதீன் அண்ணன் கடைப் பிரியாணி இலையில் ஆறிக்கொண்டிருக்கிறது. நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! இனியாவது வேளைக்குச் சாப்பிட்டு வாழ்க! சாவியைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். தாங்கள் பழக்கிய பழக்கம், விடமாட்டேன் என்கிறது; தாங்கள் முதலில் கை வைக்காமல் எங்களில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

இங்ஙனம்,
இன்னும் இலையைத் தொடாத
பிரிவுப் பணியாளர்கள்,
சிலிபின், ஈப்போ