மூன்று தட்டு

நீங்கள் அழைப்பு மணியை அடித்தது நல்லதாயிற்று. கதவைத் தட்டியிருந்தால் திறந்திருக்க மாட்டேன். இந்தத் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், பால்காரர்கூடத் தட்டுவதில்லை. உட்காருங்கள். காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். போலீஸிடம் மறைக்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

ஸ்டூடியோவில் நான் ஆலோசகர். போர்க்காலத்தில் பட்டாளத்துக்குப் போன பெண்களை வைத்து டி.வி.க்கு ஒரு சிரிப்புத் தொடர், வாரம் அரைமணி நேரம். சல்யூட் அடிப்பது, தொப்பியைச் சாய்ப்பது எல்லாம் நடிகைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். நான் உலகப் போரின்போது பசிபிக் கடலில் உள்ள நியூ கினித் தீவில் நிஜமாகவே லெப்டினன்டாக இருந்தவள். மொத்தம் பதினோரு வாரம்தான் ஓடியது. பார்க்க ஆள் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. காரணம் அதுவல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

இயக்குநர் பர்ட் வெக்ஸ்லருக்கு என்னைச் சீண்டாவிட்டால் பொழுது விடியாது.

"என்ன லெப்டினன்ட், நியூ கினியில ஒரு தடவையாவது சிரிச்சீங்களா? அதுக்கும் மேலிடத்து உத்தரவு வரணுமோ?"

நானும் சிரித்து வைப்பேன். மாக்சீன் டேல் மட்டும் என்னைக் கிண்டல் செய்ததில்லை. தொட்டதையெல்லாம் உடைக்கும் சிப்பாயாக நடித்தவள். டேல் என்பது அவள் தொழிலுக்காக வைத்துக்கொண்ட பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பன்னிரண்டாவது வாரக் கதை இதுதான். குண்டுவீச்சுக்குப் பதுங்கும் அறைக்குள் திருட்டுத்தனமாக பிஸ்கட் சுடப் போய் அவள் மாட்டிக்கொள்கிறாள். உள்ளே புகை, கூச்சல். வெளியே தோழிகள் அது காதில் விழாமல் சீட்டாடுகிறார்கள். அறை பலகையில் செய்ததுதான். ஆனால் சத்தம் சரியாக வர வேண்டும் என்று பர்ட் நிஜ இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். உள்ளே இருந்த கரியடுப்பும் நிஜம். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், காமிராவுக்குத் தெரியாமல் நிற்பது என் பொறுப்பு.

"மேடம், எனக்கு நிஜமாவே மூச்சு முட்டுச்சுன்னா? நான் கத்துறத நடிப்புன்னுதானே எல்லாரும் நினைப்பாங்க?" என்றாள் மாக்சீன்.

நியாயமான கேள்வி. பழைய பழக்கம், யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "மூணு தட்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூணு. அது காதுல விழுந்தா, என்ன ஆனாலும் திறந்துடுவேன்."

அவள் முகம் வெளுத்தது.

"இதையேதான் ரோசலி எழுதியிருந்தா."

"யாரு?"

"எங்க அக்கா. நியூ கினியிலேர்ந்து கடுதாசி போட்டிருந்தா. எங்க லெப்டினன்ட் மூணு தட்டு சொல்லிக்குடுத்திருக்காங்க, கேட்டா என்ன ஆனாலும் திறப்பாங்களாம், நீ பயப்படாதேன்னு. கடைசில அவ பதுங்குகுழிக் கதவுக்கு வெளியிலதான் செத்துக் கெடந்தா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ தட்டலையா மேடம்? யாருக்குமே கேக்கலையா?"

மணி அடித்தது. காமிரா ஓடும்போது எரியும் சிவப்பு விளக்கு எரியப் போகிறது என்று அர்த்தம். அது எரிந்தால் எங்கள் தளத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

"எடுத்து முடிக்கட்டும்மா, பேசலாம்," என்றேன். அவள் உள்ளே போனாள். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

நியூ கினியில் அன்று ரோசலி தட்டினாள். மூன்று, பிறகு மூன்று. குண்டு விழும் இரைச்சலில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. நான் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். என் கை தாழ்ப்பாள்மேல் இருந்தது, நகரவில்லை. உள்ளே இருபத்திரண்டு பெண்கள். திறந்தால் எல்லோரும் செத்துப்போவோம். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று அறிக்கையில் எழுதினேன். அன்றிலிருந்து இருபது வருஷமாகப் பயம். யார் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

ஸ்டூடியோவில் போட்டிருந்த அந்தப் பலகை அறையின் பின்பக்கம் காற்றுக்காக ஒரு சின்னப் பலகைக் கதவு வைத்திருந்தார்கள். அதன் வழியாக வெளிச்சம் கசிகிறது என்று பர்ட் காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிவதற்குள் நான் சுற்றிப் போய் அதைச் சாத்தினேன். சாத்தும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஒரு பிலிம் சுருள் பத்து நிமிடம் ஓடும். பர்ட் நிறுத்தவே இல்லை. அவள் கத்திய கத்தலில் காமிராக்காரர் சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டார். பர்ட் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் கத்தல் நின்றது. மூன்று தட்டு. மறுபடி மூன்று. எண்ணினேன், ஒன்பது முறை முழுசாக வந்தது. பத்தாவது முறை இரண்டுதான் கேட்டது. இரண்டு தட்டுக்குத் திறப்பதாக நான் அவளிடம் சொல்லவில்லை.

அவள் செத்தது விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றி எழுதுங்கள். கேட்டது, நான் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். பொறுப்பில் இருப்பவளுக்கு முதலில் உள்ளே இருப்பவர்களின் உயிர்தான் பெரிது. ஒருத்திக்காகக் கதவைத் திறந்து மற்றவர்களைப் பலி கொடுக்க முடியாது. அன்றும் அதைத்தான் நினைத்தேன், ஸ்டூடியோவிலும் அதைத்தான் நினைத்தேன்.

என்ன சொன்னீர்கள்? ஸ்டூடியோவில் உள்ளே இருந்தது அவள் மட்டும்தானா?