பஞ்சுவுக்குப் போட்ட பந்து

அந்த ஒலிப்பதிவுக் கருவியை நீங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். எனக்கு உரக்கப் பேசித்தான் பழக்கம். மைதானத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கேட்கும்படி கத்திக் கத்தி வந்த பழக்கம். வீட்டில் நான் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று என் தங்கை கேலி செய்வாள்.

பதினேழு வருடம் தேசிய அணியின் நடுக்களத்தில் ஆடினேன். கோல் போடுகிறவளைத்தான் உலகத்துக்குத் தெரியும். நடுக்களத்தில் ஆடுகிறவளுக்கு வேலை வேறு. பந்தை வாங்கி, வேண்டிய ஆளிடம், வேண்டிய நேரத்தில், வேண்டிய உயரத்தில் சேர்க்க வேண்டும். தபால்காரர் வேலை மாதிரி. சரியாகச் செய்தால் யாரும் பேச மாட்டார்கள். பந்து காலுக்கு வந்து சேருவதற்குள் தோளுக்கு மேலே இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிடுவேன். புதிதாக வரும் பெண்களுக்கு என் வீடியோவைப் போட்டு, "அக்கா எப்படித் திரும்பிப் பாக்குறாங்க, பாத்துக்கோங்க" என்று பாடமே நடத்துவார்கள். அதைத் திறமை என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது பயம். பின்னால் யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள் என்ற பயம். மைதானத்தை விட்டு வெளியே வந்தாலும் அது போகவில்லை.

பத்தொன்பது வயதில் நான் அணிக்குள் வந்தபோது என் இடத்தில் வேறொரு அக்கா ஆடிக்கொண்டிருந்தார். அவர் பெஞ்சுக்குப் போனார், நான் உள்ளே போனேன். அவர் அழவில்லை. மடங்கிக் கிடந்த என் ஜெர்சிக் கழுத்தை நிமிர்த்திவிட்டு அனுப்பினார். ஒரே வருடத்தில் அணியில் அவர் பேச்சே இல்லாமல் போய்விட்டது. பல வருடம் கழித்து, தங்கை மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போன கடையில் அவரைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தை அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் அந்த எடத்துலதான் ஆடுறியா?"

"ஆமாக்கா."

"பாத்துக்கோ."

அக்கறையாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு அது எச்சரிக்கையாகக் கேட்டது. அதற்குப் பிறகு, சாப்பாட்டு அறைச் சுவரில் அணிப் பட்டியல் ஒட்டப்படும் ஒவ்வொரு முறையும் நான் கடைசியாகத்தான் போய்ப் பார்ப்பேன். அதுவரை குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கை நடுக்கம் அடங்கக் காத்திருப்பேன். ஒரு முறைகூட என் பெயர் விடுபட்டதில்லை. ஒரு முறைகூட நடுக்கம் வராமல் இருந்ததும் இல்லை.

பஞ்சு வந்தபோது அவளுக்கு இருபது வயது. எவ்வளவு வேகமாக வந்த பந்தும் அவள் காலில் பட்டால் பஞ்சில் விழுந்த மாதிரி அடங்கிவிடும். அதனால் அந்தப் பெயர். பயிற்சி முகாமில் என் அறையிலேயே அவளைப் போட்டார்கள். அவளுடைய அம்மா துணி ஆலைத் தொழிலாளி. சீருடையோடு வந்து மகளை விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ காய்ச்சல்னாக்கூட வாயத் தெறக்க மாட்டாம்மா. நீதான் கொஞ்சம் பாத்துக்கணும்" என்றார்.

பார்த்துக்கொண்டேன். பந்தை எந்தக் காலில் வாங்குவது, நடுவரிடம் எந்தக் குரலில் பேசுவது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என்னைப் போலவே தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் பார்வையில் பயம் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் வேடிக்கை பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஓட்டப் பயிற்சியில் எப்போதும் எனக்கு ஓரடி பின்னால் வருவாள். முந்த மாட்டாள். மரியாதை. அந்த மூச்சுச் சத்தம் என் பிடரியில் விழுந்துகொண்டே இருக்கும். முந்திப் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

பெரிய போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோச் என்னைப் பந்துகள் வைக்கிற அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். காற்று இறங்கிய பந்து ஒன்றை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ கண்டிப்பா வர்றே. அதுல மாத்தமே இல்ல. ஆனா ஆரம்பத்துல பஞ்சு எறங்கட்டும். நீ வெளியில இருந்து பொண்ணுங்களுக்கு ஒரு தைரியமா இரு."

சரி என்றேன். வெளியே வந்து நடந்தேன். அந்த ஷூக் கடையின் ரப்பர் வாசனை மூக்கில் அடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பயிற்சி ஆட்டம். பந்துக்கு எம்பியபோது பஞ்சுவும் எதிரணிப் பெண்ணும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். பஞ்சு விழுந்தாள், எழுந்தாள், சிரித்தாள். எங்கள் அணி மருத்துவர் கெட்டிக்காரி, விட மாட்டார். இரண்டு நாள் தலையால் பந்தைத் தொடக் கூடாது, புதன்கிழமை பரிசோதனை என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பஞ்சு ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வெளிச்சம் கண்ணக் குத்துது. எடது பக்கம் எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுது. காலைல வாந்தி வேற. டாக்டர் கிட்ட சொல்லிடவா?"

இங்கே நான் ஒன்றை மறைக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே மருத்துவர் எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார். தலையில் பட்ட முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மூளை வீங்கிவிடும், சின்ன அடியாக இருந்தாலும் போதும், ஆளே பிழைக்காமல் போகலாம் என்றார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். பஞ்சு அப்போது அணியில் இல்லை.

மருத்துவரிடம் சொல்லியிருந்தால் பஞ்சுவுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். அவள் இடம் எனக்கு வந்திருக்கும். பிறகு ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அன்று அதைத்தான் யோசித்தேன். ஓய்வு என்றால் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். பிறகு திரும்பி வந்துவிடுவாள். ஓரடி பின்னால், அதே மூச்சோடு. இரண்டு வாரம் எனக்குப் போதாது.

"சொன்னா உன்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடா" என்றேன். "ரெண்டு நாள்ல தானா சரியாயிடும். எனக்கும் வந்திருக்கு."

எனக்கு வந்ததில்லை.

புதன்கிழமைப் பரிசோதனையில் ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொல்வார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள். எல்லாம் எனக்கு மனப்பாடம். செவ்வாய்க்கிழமை மதியம் முழுக்க உட்கார வைத்துப் பழக்கினேன். இடையில் இரண்டு முறை எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். உழைப்பாளி. பரிசோதனையில் தேறிவிட்டாள். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரூம்ல எப்படி இருக்கா?" என்று கேட்டார். "நல்லா இருக்கா டாக்டர். நேத்துகூட என் பங்கையும் சேத்து சாப்ட்டா" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை கார்னர் பயிற்சி. உடை மாற்றும் அறையில் பஞ்சு என் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இன்னிக்கு எனக்குத் தலைக்குப் போடாத. கால்லயே குடு."

"சரிடா" என்றேன்.

கோச் சொன்ன திட்டப்படி, நான் மூலையிலிருந்து அடிக்கும் பந்து தூரத்துக் கோல் கம்பத்தில் நிற்கும் உயரமான பெண்ணுக்குப் போக வேண்டும். பஞ்சு கிட்டத்துக் கம்பத்தில் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு பந்துகளைத் திட்டப்படியே போட்டேன். ஏழாவது பந்தைக் கையில் எடுத்தேன். புல்லில் வைத்தேன். ஈரமாக இருந்தது, திருப்பித் துடைத்து வைத்தேன். நிமிர்ந்தால் பஞ்சு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றாள். நான் நின்ற மூலை அவளுக்கு இடது பக்கம்.

பந்து நெற்றிப்பொட்டில் பட்டது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். யாரோ சிரித்தார்கள். இரண்டு எட்டு வைத்தாள், பிறகு சின்னக் குழந்தை உட்கார்வதுபோல மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தாள். முதலில் ஓடிப்போய்த் தாங்கியது நான்தான். படம்கூட இருக்கிறது, பத்திரிகைகளில் வந்தது.

போட்டிக்குப் போனோம். கையில் அவள் பெயர் எழுதிய பட்டையைக் கட்டிக்கொண்டு ஆடினேன். நன்றாகவே ஆடினேன். மூன்றாவது ஆட்டத்தில் தோற்றுத் திரும்பினோம்.

பஞ்சு பிழைத்துக்கொண்டாள். மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து, பிறகு திருப்பி வைத்தார்கள். போட்டி முடிந்து வந்த பிறகு ஐந்து மாதம் ஒவ்வொரு செவ்வாயும் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கூடப் பொறந்தவகூட இப்படி வர மாட்டா" என்று அவள் அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நான் போனது அவளுக்கு எவ்வளவு நினைவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க. வார்டு வாசலில் நின்று, உள்ளே பேச்சுக் குரல் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் நுழைவேன். அவள் கண் என் முகத்தில் வந்து நிற்கும். நான் ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்துவிடுவேன்.

நான்காவது மாதம், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். சாவி, கோப்பை, குடை. எதற்கும் பஞ்சு வாய் திறக்கவில்லை. பந்துப் படம் வந்தது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். "கால்ல. கால்ல."

என் கையிலிருந்த பழம் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. அவள் அம்மா அழுதுகொண்டே எழுந்தார். "பேசிட்டா, பேசிட்டா. கால் வலிக்குதாம்மா" என்று போர்வையை விலக்கி மகளின் பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தார். நான் இன்னொரு பாதத்தைப் பிடித்துவிட்டேன். அரை மணி நேரம். பஞ்சு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசல் மணி அடித்தால் போலீஸ்தான் என்று நினைத்து எழுந்து நிற்பேன்.

போலீஸ் வரவில்லை. சென்ற வாரம் கால்பந்துச் சங்கத்தின் விசாரணை அறிக்கைதான் வந்தது. இதோ, பதினொன்றாம் பக்கம். யார் மேலும் குற்றம் இல்லை. "மூத்த வீராங்கனை அடித்த பந்து இலக்குத் தவறியதால் நேர்ந்த விபத்து." கோச்சின் சாட்சியமும் இருக்கிறது: அவங்களுக்கு வயசாயிடுச்சு, கால் முன்ன மாதிரி கட்டுப்பாட்டுல இல்ல, நான் அவங்கள அன்னிக்கு அடிக்க விட்டிருக்கக் கூடாது. இன்று மாலை எனக்கு வழியனுப்பு விழா வைத்திருக்கிறார்கள். அணிப் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து, "வருத்தப்படாதீங்கக்கா, வயசானா யாருக்கும் கால் தவறும்" என்கிறார்கள்.

நான் தப்பித்துவிட்டேன் என்று நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பதினொன்றாம் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு நடுங்குகிறேன். கையைப் பாருங்கள். மனசாட்சிதான், வேறென்ன. அந்தத் தாய்க்கு உண்மை தெரிய வேண்டும் என்றுதான் யாரும் கூப்பிடாமலேயே காலையில் கிளம்பி இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பஞ்சுவுக்கு அடிபட்டிருப்பது தெரிந்தே மறைத்தேன். இன்னொரு அடி என்ன செய்யும் என்று தெரிந்தே அடித்தேன். எந்தத் தண்டனை என்றாலும் சரி, அந்த அறிக்கையில் ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். முப்பது மீட்டர் தூரம், ஈரப் பந்து, பக்கவாட்டுக் காற்று. அது இலக்குத் தவறவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் மைதானத்துக்கு வாருங்கள், அங்கே யாரையாவது நிறுத்துங்கள், எத்தனை முறை கேட்டாலும் அதே இடத்தில் போட்டுக் காட்டுகிறேன்.