கேப்டனின் வணக்கம்

அடுத்தவர் போட்டுத் தந்த தேநீரைக் குடித்துப் பல நாளாகிறது, இன்ஸ்பெக்டர். நன்றி.

எனோகிதோ எங்கள் கேப்டன். ஜப்பானின் நீகாத்தா நகரில் எங்கள் கால்பந்து அணிக்குப் பதினான்கு ஆண்டுகள் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். நான் அவருக்குப் பின்னால் நின்ற கோல்கீப்பர். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று மைதானத்தை நோக்கித் தலை குனிவோம். கோல்கீப்பர் "போதும்" என்று குரல் கொடுக்கும் வரை யாரும் நிமிரக் கூடாது. கேப்டனுக்கும் அதே விதிதான்.

அவர் ஓய்வு பெற்றதும் ஊர் அவரை மறந்துவிட்டது. அது எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு அவரே ஒவ்வொன்றாக மறக்கத் தொடங்கினார். அத்தனை ஆண்டுகள் பந்தைத் தலையால் முட்டியதன் விளைவு என்றார் மருத்துவர். மனைவியின் பெயர் மறந்துபோனது, குனிவது மறக்கவில்லை. பழைய மைதானத்தில் அதைப் படமெடுத்து, இணையத்தில் அவர் பெயரில் ஒரு பக்கம் தொடங்கிப் போட்டேன். ஒரே மாதத்தில் மூன்று லட்சம் பேர் சேர்ந்தார்கள். நோய் என்று நான் எங்கும் எழுதவில்லை. பணிவு என்று எழுதினேன்.

தினமும் காலையில் போவோம். "இன்னிக்கு யாரோட மேட்ச்?" என்பார். ஏதாவது ஓர் அணியின் பெயரைச் சொல்வேன். "கவலைய விடு ஹசுமி. உன் தொப்பையத் தாண்டி எவன்டா கோல் போடுவான்?" என்பார். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

ஜனவரியில் பார்ப்பவர்கள் குறைந்தார்கள். அவருக்கு அப்போது காய்ச்சல். மருந்து வாங்கப் புறப்பட்ட அவர் மனைவி சயோ, "அவர வெளிய மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க, ஹசுமி சான். உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார். சரி என்றேன். ஆனால் வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. பனியில் மைதானம் எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நேரலையில் அவர் குனிந்தார். எட்டாயிரம் பேர் பார்த்தார்கள். முதுகில் பனி படியப் படிய இருபதாயிரம் ஆனது. எவ்வளவு நேரம் நிற்பார் என்று ஆளாளுக்குப் பந்தயம் கட்டினார்கள்.

"ஹசுமி, முடிஞ்சுதாடா?"

"இன்னும் இல்ல கேப்டன். கூட்டம் வந்துட்டே இருக்கு."

"அப்போ சரி."

சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார். நான் திரையில் ஏறும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் அறுபதாயிரம் தாண்டியது. ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் நிமிர்ந்திருப்பார். நான் சொல்லவில்லை. அவர் விழுந்ததைக்கூடத் திரையில்தான் பார்த்தேன்.

கண்ணை மூடினால் அந்த முதுகுதான் தெரிகிறது. தூக்கம் போய்விட்டது.

ஆம்புலன்ஸை அழைக்க ஏன் பதினொரு நிமிடம் ஆனது என்று கேட்டீர்கள். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அவர் சார்பில் நன்றி எழுதிக்கொண்டிருந்தேன். நினைவோடு இருந்திருந்தால் அவரும் ரசிகர்களைத்தான் முதலில் கவனித்திருப்பார்.