தைக்காத ஒரு சாண்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். இது என் கூட்டாளியின் சின்னம்மாவுக்கு நடந்தது.

மணி ஆறரை. அருங்காட்சியகத் தெருவில் ஈ காக்கை இல்லை. மறுநாள் விடுதலை நாள், எல்லோரும் நேரத்தோடு வீடு போய்விட்டார்கள். சின்னம்மாவுக்கு மட்டும் போக மனமில்லை. போனால் யார் இருக்கிறார்கள்? ஒரே மகன், கப்பல் வேலை. பேசியே ஏழு மாதம்.

அங்கே பழந்துணி தைப்பதுதான் அவர் வேலை. மேசையில், வெள்ளைக்காரன் தடை செய்த காலத்துக் கொடி ஒன்று. கீழ் ஓரத்தில் ஒரு சாண் மட்டும் தைக்காமல் விட்டிருந்தது. இரண்டு நாளாகத் தைக்கிறார்... இரண்டு நாளும் காலையில் வந்து பார்த்தால் பிரிந்து கிடந்தது. பிரித்த நூலை யாரோ பக்கத்தில் பதவிசாகச் சுற்றி வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை இப்படி என்றால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த வேலையும் போனால் பேச்சுத்துணைக்குச் சுவர்தான். மூன்றாம் முறையும் தைத்து முடித்தார்.

காவலாளி எட்டிப் பார்த்தார். "அதை ஏம்மா தைக்கிறீங்க? அந்தக் காலத்துல, கொடியைத் தூக்கிட்டுப் போனவங்க வீடு திரும்பினாத்தான் கடைசி ஒரு சாணைத் தைப்பாங்களாம். இது ஒரு அம்மா மகனுக்குத் தைச்சுக் கொடுத்தது. கொடி மட்டுந்தான் வந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் வாசலைப் பூட்டப் போனார்.

சர்க்... சர்க்... துணிக்குள் நூல் இழுபடும் சத்தம். மண்ணெண்ணெய் விளக்கின் வாடை. சின்னம்மாவின் கண்ணெதிரே தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பாவம், எத்தனை நாள் கழித்துப் பக்கத்தில் ஓர் ஆள். வேலை போனால் போகட்டும் என்று ஊசியைக் கீழே வைத்தார். எதிரே இருந்த காலி நாற்காலியிடம் மெல்லச் சொன்னார்.

"தெரியாமத் தைச்சுட்டேன்க்கா. நானும் உங்களை மாதிரிதான். எம் பிள்ளை சட்டையில கடைசிப் பொத்தானை மட்டும் தைக்காம வெச்சிருக்கேன். அவன் வந்தாத்தான் தைப்பேன்."

சத்தம் நின்றது. பக்கத்தில் யாரோ தேம்பினார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தார். உள்ளே அதே மண்ணெண்ணெய் வாடை. ஆணியில் மகனின் சட்டை. கடைசிப் பொத்தான்... தைத்திருந்தது. பழுப்பேறிய நூல், பொடிப்பொடித் தையல், இறுக்கி ஒரு முடிச்சு.

வாசலிலிருந்து அந்த ஆணி வரை ஈரக் காலடிகள். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சின்னம்மா ஒரு துளியைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.